கடலில் மூழ்கிய அம்மா எழுதுவது

பெல்டன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 1934

அன்பு மகள் ஹெட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே பசுக்கள் சுகம், கோழிகள் சுகம், நானும் உன் அப்பாவும் செத்துப்போய்விட்டோம். நீ அங்கே ஹாலிவுட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ ஹங்கேரி நாட்டுப் பிரபு வீட்டுப் பெண் என்றும், பெற்றவர்கள் கப்பலோடு மூழ்கிவிட்டார்கள் என்றும் சினிமாப் பத்திரிகையில் வந்ததை சர்ச் பெண்கள் படித்துவிட்டு, துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். நீ உயிரோடதான் இருக்கேன்னு தெரியும் கஸ்ஸி, ஆனா அச்சுல வந்துடுச்சே, சும்மா இருக்க முடியுமா என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள் பக்கத்துவீட்டு தோர்வால்டு அம்மாள். தன் சாவுக்கு வந்த பன்றித் தொடையை உன் அப்பா தனியாகவே முடித்துவிட்டு, இன்னொரு தடவை சாகலாம் போலிருக்கு என்றார்.

அப்புறம் உங்கள் கம்பெனி விளம்பரக்காரன் குவிக் வந்தான். சனிக்கிழமை உன் படத்துக் கதாநாயகனோடு உனக்குக் கல்யாணம் முடிகிறவரை நாங்கள் வாய் திறக்கக் கூடாதாம். நான்தாங்க உங்களை மூழ்கடிச்சவன் என்று தொப்பியைக் கழற்றினான். சரி தம்பி, உன் புண்ணியத்துல வந்த சோறுதான், உட்காரு என்றேன். சின்ன வயதில் முன்பல் இல்லாமல் நீ பன்றிமேல் உட்கார்ந்திருக்கிற படத்தைக் காபி ஆறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கல்யாணம் உனக்குப் பிடிச்சிருக்காடா என்று அப்பா கேட்டதற்கு, விளம்பரத்துக்காக அந்தக் கதையையும் எழுதினதே நான்தாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனான், தப்பான பக்கம் உட்கார்ந்து கறந்து உதை வாங்கினான். செத்தவளைக் கல்யாணத்துக்கு அழைக்க முடியாதே என்று நீ அழுததையும் அவன்தான் சொன்னான்.

அடியே, உன் கடிதங்களில் கதாநாயகனைப் பற்றி இருப்பது பல்வரிசை நன்றாயிருக்கும் என்ற ஒரு வரி. குவிக்கைப் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறாய். உனக்குப் பிடிக்காதவர்களை நீ திட்டக்கூட மாட்டாய், எனக்குத் தெரியாதா.

அதனால் வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். குவிக்கும் கூட வருகிறான், நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் அவன் மடியில். சர்ச்சில் கடைசி வரிசையில் இருப்போம். இந்தக் கல்யாணம் வேண்டாமென்றால் பசுவைக் கூப்பிடுகிற உன் பழைய விசிலை ஒரு தடவை அடி, முன்னால் வந்து உன் அம்மா நான்தான் என்கிறேன், ஆப்பிள் பை வைத்திருக்கிறவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அடிக்காவிட்டால் நான் யாரோ, கேக் தின்றுவிட்டுப் பேசாமல் ஊருக்கு வந்துவிடுவேன், உன்மேல் கோபமிருக்காது.

நல்லபடியாக இரு, மகராசி. உதட்டுச்சாயம் கனமாகப் பூசாதே, விசில் சரியாக வராது.

இப்படிக்கு,
காலஞ்சென்ற உன் அம்மா
அகஸ்டா போல்மன்