நண்பன் என்று மாற்றிய வரி

கார்த்திகை 9, செவ்வாய்

இன்று தம்பியிடம் பொய் சொன்னேன். படுத்தும் தூக்கம் வரவில்லை.

நான் இப்போது தமிழாக்கும் வீடியோ கேமில் ஒரு வில்வீரன் வருகிறான். ஆட்டக்காரர் ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் அவன் காதலிப்பான். போன வாரம், ஆணிடம் அவன் காதலைச் சொல்லும் வரியை "நீ என் உயிர் நண்பன்" என்று மாற்றி அனுப்பினேன். கம்பெனியில் யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

சாயங்காலம் சோளக்காடு சந்தையில் மிளகு விற்றுவிட்டு வந்த தம்பி, என் லேப்டாப்பில் அந்த கேமைத் தமிழில் ஆடிப் பார்த்தான். ஆங்கிலத்தில் முன்பே ஆடி முடித்தவன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

"ஏன்க்கா, நண்பன்னு வருது? யாரு மாத்துனது?"

"கம்பெனிக்காரங்க கண்ணு. எனக்கென்ன தெரியும்."

"தமிழ்ல அவன் எப்படிச் சொல்லுவான்னு கேக்கத்தான் இத்தன நாளா காத்திருந்தேன்" என்றான். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான்.

பெண் பார்க்கலாம் என்று அப்பா ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவன். எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் அந்த வரியை மாற்றினேனோ. அவனுக்காகப் பயந்தேனா, எனக்காகவா?

சற்று முன், "உன்னைத்தான் விரும்புகிறேன்" என்று திருத்தி, தவறு என்னுடையது என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். அது சுலபமாக இருந்தது. காலையில் அவனிடமும் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அடுத்த அறையில் அவனும் புரண்டு புரண்டு படுக்கிறான்.