ஏழு மணிக்குக் குடிக்காத கஞ்சி

உடன்பிறக்காமலே எனக்கு அண்ணனாகிப்போன காதர் நானாவுக்கு,

உங்கள் தங்கச்சி அஞ்சலை எழுதுகிறேன். சுகமா என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். சயாமில் மண்ணுக்குள் போனவரிடம் சுகம் விசாரிக்கிற கூத்தைச் செய்ய இந்தத் தோட்டத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்துவிட்டார். நம் பெரிய கிராணி திரும்பி வரவில்லை. அவர் எங்கே போனார், திரும்பி வருவதற்கு? அதே ஆபீஸ், அதே கணக்குப் புத்தகம், அதே நாற்காலி, அதே தொப்பை. நமக்கெல்லாம் விலா எலும்பை எண்ணுகிற மாதிரி இருந்த காலத்தில் அந்தத் தொப்பை மட்டும் எப்படி வாடாமல் இருந்தது என்று எந்தத் துரையும் கேட்கவில்லை. அன்றைக்கு ஜப்பான்காரனுக்கு இடுப்பு ஒடியக் குனிந்தவர், இன்றைக்குத் துரையின் நாய்க்குக்கூட வழிவிட்டு நிற்கிறார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது இவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லையா, நானா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போட்டார். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அஞ்சலியாம். உங்கள் பெயர் வந்ததும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "காதர் பாய் மாதிரி தங்கமான மனுசன் இனிமே பொறந்துதான் வரணும்" என்றார். நம் ஜனங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். இருந்த கோபத்தில் என் தலையையே பிடித்து நிறுத்தத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அஞ்சல, சயாமுக்கு யார் யாரை எப்படி அனுப்புனோம்னு துரை கேக்குறாரு. காதர் தானா விரும்பித்தான் போனாருன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுரு. அவருக்குக் கஞ்சி ஊத்துனவ நீ. நீ சொன்னா எடுபடும்லா."

நான் கிளம்பத் திரும்பினேன். அவரே தொடர்ந்தார்.

"லயத்துல இருக்குற வீடு தோட்டத்து வீடுங்கிறதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. வெள்ளிக்கிழம துரை கூப்புடுவாரு. அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

விரும்பிப் போனாராம்!

பாடாங் செராய் துணிக்கடையில் சரக்கு தீர்ந்து கதவை மூடியதும், எங்கள் தோட்டத்தில் மரவள்ளி போட வந்தீர்கள். துணி கிழித்த கையில் சங்கோல் என்கிற பெரிய மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மத்தியானக் கஞ்சி ஊற்றுவது என் வேலை. வாங்கிய இடத்திலேயே குடித்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கிராணியின் சட்டம். காட்டுக்குள் ஒளிந்து ஜப்பான்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குக் கஞ்சி போய்விடுமோ என்று அவருக்கு நடுக்கம்.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது. முதல் நாளே நான் இளநீரை வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். "விரதத்துக்கு இளநி ஆகும்தானே, நானா?" என்று கேட்டேன். எங்கள் வெள்ளிக்கிழமை விரதம் மாதிரிதான் உங்களுடையதும் என்று நினைத்துவிட்டேன். "பச்சத் தண்ணிகூட ஆகாது தங்கச்சி. நீ குடி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தீர்கள். ஆனால் வேலையில் ஒரு குழிகூடக் குறைத்துக் கேட்கவில்லை. வயிறு நிறையக் கஞ்சி குடித்த எங்கள் ஆம்பிளைகள் மர நிழலில் சாய்ந்திருக்க, அந்த உச்சி வெயிலில் நீங்கள் மட்டும் கொத்திக்கொண்டிருப்பீர்கள். அதைப் பார்த்து "நோன்பு பிடிச்சாப் பேயும் பிடிக்கும் போல" என்று கேலி பேசினார்கள். அவர்களில் ஒருவனுக்காவது ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைக்கத் துப்பு உண்டா?

உங்கள் பங்கை நான் ஒரு தகரக் குவளையில் ஊற்றி அடுப்போரம் மூடி வைத்தேன். பொழுது சாய்ந்ததும் வந்து குடிப்பீர்கள். பத்து நாள் இப்படியே ஓடியது. பதினோராம் நாள் கிராணி குவளையைக் கண்டுபிடித்துவிட்டார். இது யாருக்கு என்று அதட்டினார். நான் பயந்துபோய், உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, "காதர் நானாவுக்குத்தாங்க. ஏழு மணியானா நோன்பு தொறந்து இங்கேயே குடிச்சிருவாரு" என்றேன்.

அங்கேதான் நான் கெடுத்தேன், நானா. ஜப்பான்காரன் வந்தவுடன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தானே, தோக்கியோ நேரம் என்று. ஆபீஸ் கடிகாரம் அப்படி ஓடினாலும் லயத்தில் நாமெல்லாம் பழைய மணியைத்தானே பேசிக்கொண்டிருந்தோம்? நான் சொன்னது பழைய ஏழு. கிராணியிடம் போய்ப் பழைய மணியைச் சொல்கிறோமே என்ற நினைப்புகூட எனக்கு வரவில்லை.

அன்றைக்கு ஆபீஸில் ஏழு அடித்தது; நம் பழைய கணக்கில் ஐந்தரைதான். வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. கிராணி எல்லாரையும் நிறுத்திவைத்து, குவளையை உங்கள் கையில் கொடுத்தார்.

"ஏழாச்சு. குடி."

"சூரியன் இன்னும் இருக்குதே, கிராணியாரே."

"சூரியனப் பாத்தா தோட்டம் நடக்குது? ஒன் தங்கச்சிதான் ஏழுன்னு சொன்னா."

"அது பழைய மணி சொல்லியிருக்கும். பொழுது எறங்கட்டும், குடிக்கிறேன்."

"அப்ப ஜப்பான் மணி பொய்யிங்கிறியா?"

நீங்கள் குவளையைப் பிடித்தபடி நின்றீர்கள். கிராணி முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு பசி பொறுக்காமல் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். பகல் முழுக்க மண் கொத்தியவர் நிற்கிறார்; நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவருக்குப் பசி தாங்கவில்லை! பொழுது இறங்கிய பிறகுதான் நீங்கள் பிஸ்மி சொல்லிக் குடித்தீர்கள். கஞ்சி ஆறிப் பிசினாகிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. முதல் பெயர் உங்களுடையது. "நேரத்துக்குக் கட்டுப்படாதவன்" என்று காரணம் சொன்னார். "நோன்பு முடியட்டும், பெருநாள் கழிச்சு அனுப்புங்க" என்று நீங்கள் கேட்டது லாரியைச் சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கிராணி காதில் மட்டும் விழவில்லை. ஏறிய பிறகு என்னைப் பார்த்து, "பிரயாணத்துல விட்ட நோன்ப வந்து பிடிச்சுக்குறேன் தங்கச்சி" என்றீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறித்துக்கொள்ளலாம் என்று பாடாங் செராய் பள்ளிவாசல் லெபை இப்போது சொல்கிறார். அது உங்களுக்குத் தெரியாதா? இல்லை, ஒரு குவளைக் கஞ்சிக்காக ஒருவன் உயிரை எடுப்பான் என்று உங்களால் நினைக்கவே முடியவில்லையா?

துரையிடம் தமிழில் சொன்னால் அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லப்போவது யார் தெரியுமா? அதே கிராணிதான். நான் ஒன்று சொல்ல, அவர் அதை நன்றாகப் பூசி மெழுகி வேறொன்றாகச் சொல்வார். நான் வாயில்லாப் பூச்சி என்ற தைரியத்தில்தானே என்னைப் பிடித்தார்?

துரைக்கு மலாய் தெரியும், நானா. எனக்கும் பசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத் தெரியும். நான்கு நாளாக அடுப்பு ஊதும்போதெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏழு மணி என்று உளறியது நான்தான் என்பதையும் மறைக்கப்போவதில்லை. வீட்டைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், செமிலிங்கில் அக்கா இருக்கிறாள். வெள்ளிக்கிழமை கிராணி வாயைத் திறப்பதற்கு முன்னால், துரையின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், இது சத்தியம்: "டியா தாக் மாவ் பெர்கி." அவர் போக விரும்பவில்லை.

உங்களுக்காக வாய் திறக்கப்போகும்,
உங்கள் தங்கச்சி,
அஞ்சலை,
சிடாம் கிரி.