முப்பத்தொரு விண்ணப்பங்கள்

1932 ஜனவரி 11, திங்கள்

போன வருஷம் வாங்கிய சிவப்பு மைப் புட்டியில் இன்னும் கால் பங்கு மிச்சமிருக்கிறது. மற்ற வாத்தியார்கள் பருவத்துக்கு ஒன்று கேட்டு வாங்குகிறார்கள். என் நாலாம் பாரத்து முப்பத்தொரு பையன்களின் இங்கிலீஷ் காம்போசிஷன் நோட்டுகளுக்கு அவ்வளவு சிவப்பு தேவைப்படுவதில்லை. நான் மாதிரி சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள், உருப்போடுகிறார்கள், மறுநாள் பிசகில்லாமல் எழுதிக் காட்டுகிறார்கள். இங்கிலீஷ் நம் வீட்டுப் பாஷை இல்லை. வீட்டில் இல்லாத பொருளை வெளியிலிருந்து முழுதாகத்தான் கொண்டுவர வேண்டும்.

மத்தியானம் கோதண்டராமன் கூப்பிட்டனுப்பினார். (ஹெட்மாஸ்டர் என்று எழுத இன்னும் கை வரவில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர்.)

"பிப்ரவரி பதினேழாந்தேதி இன்ஸ்பெக்டர் வர்றார் சார். இங்கிலீஷுக்கு உங்க நாலாம் பாரத்தத்தான் காட்டப் போறேன். நல்லா அமைஞ்சா ஜூன்லேர்ந்து ஆறாம் பாரம் உங்களுக்கு."

ஆறாம் பாரம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போகிற வகுப்பு. பத்தொன்பது வருஷமாக இந்த ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன், அந்த வகுப்பில் ஒரு நாள் நின்று பாடம் சொன்னதில்லை. பி.ஏ. இருக்கிறது, வாத்தியார் பயிற்சிக்கான எல்.டி. பட்டம் இல்லை. 1919-ல் எல்.டி. படிக்கச் சைதாப்பேட்டை போகிறேன் என்று கேட்டபோது அப்போதைய ஹெட்மாஸ்டர், "உமக்கு எதுக்குய்யா ட்ரெயினிங், அனுபவம் போதும்" என்றார். ஐந்து வருஷம் கழித்து முதல் உதவியாசிரியர் இடம் காலியானது. எல்.டி.தான் வேண்டுமென்று கோதண்டராமனை வெளியூரிலிருந்து கொண்டுவந்து வைத்தார். அந்தப் பழைய ஹெட்மாஸ்டர் செத்தும் போய்விட்டார், அவர் நாற்காலியிலும் கோதண்டராமன் உட்கார்ந்தாயிற்று. நான் மறக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல் விடுமுறை. ஆறாம் பாரம் 'தருவாராம்'. யார் யாருக்குத் தருவது?

ஜனவரி 20, புதன்

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பாடம். பாடப் புத்தகத்தில் உள்ள மாதிரி, லண்டனில் ஏதோ தொப்பிக் கடையில் வேலை கேட்கும் ஒரு வெள்ளைக்காரப் பையனுடையது. சப்பென்ற நடை. இன்ஸ்பெக்டர் இதைத்தான் எழுதச் சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிப் படிப்பு முடிகிற பையனிடம் வேறென்ன கேட்பார்கள்?

நேற்றே பெட்டியைத் திறந்து என் விண்ணப்பத்தை எடுத்து வைத்திருந்தேன். 1924-ல், கோதண்டராமன் வந்த வாரத்தில், பள்ளிக்கூடக் கமிட்டிக் காரியதரிசிக்கு எழுதியது. அனுப்பவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் எடுத்து ஒரு சொல், இரண்டு சொல் செப்பனிட்டு, வருஷக் கணக்கையும் மாற்றி மறுபடி வைப்பேன். இந்தத் தாலுகாவில் இதைவிட நல்ல இங்கிலீஷ் எவனும் எழுதியிருக்க மாட்டான்.

திண்ணமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயரை எடுத்துவிட்டேன். மற்றதை அப்படியே சொல்லி எழுத வைத்தேன்.

நேற்று இரவுச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஜெபராணி, என் மனைவி, தானாக ஆரம்பித்தாள்: "மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி ஐ பெக் டு சப்மிட்..." இரண்டு வாக்கியம் தடங்கலில்லாமல் சொன்னாள். அவளுக்கு இங்கிலீஷில் ஏ கூடத் தெரியாது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா சத்தமா படிச்சிப் பாக்கறீங்க. சொவத்துக்கே தெரியும்."

ஜனவரி 29, வெள்ளி

முப்பது பேர் ஒப்பித்துவிட்டார்கள். கமாவுக்குக் கூட மூச்சு விட்டு நிறுத்துகிறார்கள். முதல் பெஞ்சு ஆபேலை மட்டும் இரண்டாம் தடவையும் சொல்ல வைத்துக் கேட்டேன்.

மிச்சம் ஒருத்தன். நிசார் அஹமது. அப்பன் தோல் கிடங்கில் கூலி.

"ஏன்டா, நாலு வரி நிக்கலையா உனக்கு?"

"நிக்குது சார். நாலாவது வர்றப்ப மொதலாவது போய்டுது சார்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"சார், இதுல இன்னா சார் சொல்லுது?"

"அர்த்தம் அப்புறம். முதல்ல எழுது."

நோன்பு மாசம். உதடு காய்ந்திருந்தது பையனுக்கு. பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்ல இருந்தேன், சொல்லவில்லை. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடவேளை முடிந்துவிட்டது.

பிப்ரவரி 16, செவ்வாய்

வெள்ளையடித்தாயிற்று. தேசப்படங்களைத் தூசி தட்டி மாட்டியாயிற்று.

சாயங்காலம் நிசாரைத் தனியே நிறுத்தினேன். "நாளைக்கு நீ வரவேணாம். வீட்ல வயித்து வலின்னு சொல்லிடு." சரி சார் என்றான். முகத்தில் ஒன்றுமில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன்.

எல்லா இன்ஸ்பெக்ஷனிலும் எல்லா வகுப்பிலும் நடப்பதுதானே இது? இரண்டாம் பாரத்தில் நாலு பேருக்கு நாளைக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 17

எழுத முடியவில்லை. நாளை.

பிப்ரவரி 18, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வகுப்பில் நிசார் உட்கார்ந்திருந்தான். பெருநாளுக்குத் தைத்த புதுச் சட்டை. "இன்னாடா" என்றேன். "வயித்து வலின்னு சொன்னேன் சார். நம்பல" என்றான். அதற்குள் இன்ஸ்பெக்டர் வாசலில்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், சாந்தமானவர், மூக்குப்பொடிக்காரர். நான் நினைத்தபடியே கேட்டார்: பள்ளிப் படிப்பு முடிந்ததாக வைத்துக்கொண்டு, இந்த ஊரில் யாராவது ஒரு கனவானுக்கு வேலை கேட்டு எழுதுங்கள். முப்பது பேனாக்கள் ஒரே சமயத்தில் மையில் தோய்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

முதல் தாளைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவதைப் படித்தார். முதலாவதை மறுபடி எடுத்தார். மூன்றாவது ஆபேலுடையது.

"ஒனக்கு எத்தனை வயசுப்பா?"

"பதினாலு சார்."

"பத்தொன்பது வருஷம் சேவை பண்ணியிருக்கியே!"

யாரும் சிரிக்கவில்லை. பையன்களுக்கு என்ன தப்பு என்றே தெரியவில்லை. நானும் அந்த நிமிஷம் வரைக்கும் யோசிக்கவில்லை. சத்தியமாக! எட்டு வருஷமாக அந்த எண்ணை மாற்றிக்கொண்டே வந்தவன், அதை ஒரு பதினாலு வயசுப் பையன் வாயில் வைத்தேன், காதில் விழவில்லையே எனக்கு?

அடுத்த வாக்கியத்தை அவர் இங்கிலீஷில் உரக்கப் படித்தார். தகுதியிலும் அனுபவத்திலும் குறைந்த இளையவர் ஒருவர் என் தலைக்கு மேலே அமர்த்தப்பட்டதை நான் வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டேன் — அந்த வாக்கியம். கோதண்டராமன் ஜன்னலோரம் நின்றிருந்தார். காது சிவந்தது. தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பது தாளையும் ஒழுங்காக அடுக்கி வைத்து, என்னிடம் தாழ்ந்த குரலில், "ஒரு தப்பும் இல்லை சார். இதுல ஒரு பையனும் இல்லை" என்றார்.

முப்பத்தோராவது நிசாருடையது. நின்றபடியே படித்தவர் உட்கார்ந்து படித்தார். பிறகு என் கையில் கொடுத்தார். வரிக்கு இரண்டு பிழை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஐயா, என் தகப்பனார் உங்கள் கிடங்கில் தோல் பொதி மேல் தினமும் லண்டன் என்று எழுதுகிறார். அது லண்டன் என்று அவருக்குத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். எனக்கு வேலை கொடுங்கள். நானும் எழுதுவேன், தெரிந்து எழுதுவேன்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல சார். மன்னிச்சுக்கோங்க சார். அது உருவே ஏறல சார்."

பிப்ரவரி 19

கோதண்டராமன் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேளை ஆசைப்பட்டேனோ?

"அந்த இளையவர் நான்தானே சார்?"

"ஆமாம்."

"அத்த நீங்க கமிட்டிக்கு அனுப்பினீங்களா?"

"இல்லை."

எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் வந்த புதுசுல காரியதரிசியக் கேட்டேன். 'உள்ளயே ஒருத்தர் பதினோரு வருஷமா இருக்காரே, அவருக்குத் தர்லையா'ன்னு. 'அவர் கேக்கவே இல்லை, மனுவே போடலை'ன்னார். ஒங்களுக்கு இதுல ஆசை இல்லைன்னு நெனச்சுட்டேன் சார். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுட்டிருக்கேன்."

நான் மனுப் போடவில்லை. உண்மை. இடம் காலியானபோது எழுதவில்லை, அது போன பிறகுதான் எழுதினேன். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவனைக் கேட்க வேண்டாமா? கேட்டிருக்கத்தான் வேண்டும். இன்னும் அதைச் சொல்கிறேன். ஆனால் — என்ன ஆனால்?

ஆறாம் பாரம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

வேதக்கோயிலுக்குப் போகவில்லை. ஜெபராணி ஆராதனை முடிந்து வந்து முக்காட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த லெட்டர்ல அப்படி இன்னாதான் எழுதியிருக்குது?"

எட்டு வருஷத்தில் முதல் தடவை கேட்கிறாள். நானும் முதல் தடவை சொன்னேன், வரி வரியாக, தமிழில். தமிழில் அது அசிங்கமாக இருந்தது. இங்கிலீஷில் கம்பீரமாக நின்ற வாக்கியங்கள் எல்லாம் ஒரே சிணுங்கலாக வந்தன.

முழுதும் கேட்டாள். "வேலை வேணும்னு எங்க எழுதியிருக்கீங்க?"

தேடினேன். இல்லை.

பிப்ரவரி 27, சனி

பாலாற்றோரம் நிசாரின் அப்பன் வேலை செய்கிற கிடங்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

ஊறுகிற தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், இருந்தும் கைக்குட்டையை எடுத்தேன். அப்பன் நசீர் அஹமது என்னைவிடச் சின்னவராக இருக்க வேண்டும், பார்த்தால் பெரியவர். எழுத்து வெட்டிய தகட்டைப் பொதி மேல் வைத்துத் தாரைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மாஸ்டர் சாப். இன்னா, எம் புள்ள ஏதாச்சும் பேஜார் பண்ணிட்டானா?"

"இல்லை."

"இத்தப் பாருங்க. லண்டன்! ஒம்போது வருஷமா போட்றேன், போன மாசம்தான் தெரியும். தலகீழா போட்டிருக்கனா, கரீக்டா இருக்குதா?"

சரியாக இருக்கிறது என்றேன்.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு வயித்து வலின்றான் மாஸ்டர். பெருநாள் சட்டை போட்டுக்கினு அழறான். ரெண்டு சாத்து சாத்தி அனுப்பினேன். ஏன் அப்படிப் பொய் சொன்னான்னு இன்னிக்கி வரைக்கும் தெர்ல."

போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டடி நடந்தும் விட்டேன். திரும்பி, "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன். என் நாற்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு சின்ன வாக்கியம் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து தகட்டை அடுத்த பொதி மேல் நகர்த்தினார்.

"நல்லதாப் போச்சு, நான் நம்பல" என்றார்.

மார்ச் 4

பெட்டியிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்தேன். இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழிப்பதெல்லாம் நாடகத்துக்கு.

புதுத் தாளில் நாலு வரி. வரும் வருஷம் மேல் வகுப்பில் இங்கிலீஷ் கற்பிக்க விரும்புகிறேன், பரிசீலிக்கவும், கீழே கையெழுத்து. பகல் இரண்டு மணிக்குக் கொண்டுபோய்க் கோதண்டராமன் — ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன். வைத்த பிறகு ஒரு இடத்தில் கமா விட்டுப்போனது ஞாபகம் வந்தது. திரும்பப் போகவில்லை.

மார்ச் 12

ஆறாம் பாரம் இல்லை. ஐந்தாம் பாரம். "இதே பசங்கள நீங்களே மேல கொண்டுபோங்க சார்" என்றார். கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, கொஞ்சம்.

ஜூன் 24, வெள்ளி

புது வகுப்பில் முதல் காம்போசிஷன். கரும்பலகையில் மாதிரி எழுதவில்லை. 'உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் செய்யும் வேலை' என்று தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒரு பேனாவும் அசையவில்லை. மாதிரிக்காகக் காத்திருந்தார்கள். "மாதிரி இல்லைடா" என்றேன்.

ஆபேல் எழுந்தான். "சார், தப்பு வந்துடுமே சார்?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து நிசார், "வரட்டும்டா, இன்னா இப்போ!" என்றான். பிறகு என்னைப் பார்த்துப் பயந்து, "சார்" என்று சேர்த்துக்கொண்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாவரைக்கிற அக்கா, ரயில்வே கேட் மூடுகிற மாமா, மருந்து கட்டுகிற தாயார், பீடி சுற்றுகிற தங்கை. முப்பத்தொரு தாள், முப்பத்தொரு வேலை. ஆபேலின் அப்பா உபதேசியார். பிரசங்கத்தைத் தூண் முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பாராம், கேட்டுக் கேட்டுத் தூணுக்கே மனந்திரும்புதல் மனப்பாடமாம். இந்த ஊர் வேதக்காரர்களில் இப்படி எழுதக்கூடியவன் என் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. பிழைகளோ, சொல்லி மாளாது.

ஜனவரியில் கால் புட்டி மிச்சமிருந்த சிவப்பு மை பதினெட்டாவது தாளில் தீர்ந்துவிட்டது. மீதியைப் பென்சிலில் திருத்திக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஒரு புட்டி வாங்க வேண்டும்.

இரண்டாகவே வாங்கிவிடலாம்.