துப்பாமல் விழுங்கிய ரம்

வெள்ளி இரவு, ஹம்பேர்க்.

இன்று நான் வென்றேன். இதை எழுதாமல் தூக்கம் வராது.

மொசாம்பிக் கரும்புத் தோட்டமொன்றின் வடிசாலையிலிருந்து நான் இறக்கிய ரம்களைச் சுவை பார்க்க, பெரிய ஹோட்டல் ஒன்றின் பார் பொறுப்பாளர் எங்கள் கடைக்கு வந்தார். பீப்பாயில் பழுத்த மூன்று, பீப்பாயே காணாத வெள்ளை ஒன்று. என் கூட்டாளி சுதா அக்கா கடையின் பின்பக்கச் சமையலறையில் என்னை மறித்தார்.

"வெள்ளையை வையாதை. பச்சைக் கரும்பு மணக்குது. அந்த ஆள் எழும்பிப் போயிடும்."

"அந்த மணத்துக்காகத்தான் அக்கா இறக்கினனான்."

முதல் மூன்றையும் பார் பொறுப்பாளர், சுவை பார்ப்பவர்களின் வழக்கப்படி, வாயில் சுழற்றிக் கிண்ணத்தில் துப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையை ஊற்றினேன். முகர்ந்தார். வாயில் வைத்தார். கிண்ணத்தைத் தேடவில்லை, விழுங்கினார். பிறகு கிளாசைத் திரும்ப நீட்டி, இருக்கிற வெள்ளை முழுவதும் தனக்கே வேண்டும் என்றார்.

அவர் போனதும் சுதா அக்கா மிச்சத்தைத் தானே ஊற்றிக் குடித்தார். "ஓம், நல்லாத்தான் கிடக்கு."

அம்மா இன்னும் நான் தேயிலை இறக்குவதாகவே நம்புகிறார். நாளைக்குச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு எனக்கு எதற்கும் பயமில்லை.