பந்துக்கு ஒரு மரண அறிவித்தல்

என் ஆசை மச்சாள் வசந்திக்கு,

நீ இருந்திருந்தால் இதைத் தொலைபேசியில் கத்திச் சொல்லியிருப்பேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், மச்சாள்! கட்டுரை என்றாலே வயிற்றுவலி வந்த அதே பிள்ளைகள்தான்.

இந்தத் தவணையும் வெறுங் கொப்பி என்றால் என் எழுத்துப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடப்போவதாகப் பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார். 'எனது பாடசாலை', 'மரம் வளர்ப்போம்' எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். தலைப்பை எழுதி அழகாகக் கோடிட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. அச்சகத்தில் நாள் முழுக்க மரண அறிவித்தல் தட்டிவிட்டு வந்து என்ன சொல்வாய்? "பிறப்பிடம் கிடக்கு, வதிவிடம் கிடக்கு, மருமக்கள் எல்லாரும் கிடக்கு. செத்த ஆளைத்தான் காணேல்லையடி!"

அதையே விளையாட்டாக்கினேன். உடைந்துபோன ஏதாவது ஒரு பொருளுக்கு மரண அறிவித்தல் எழுத வேண்டும். உறவுகளை எவ்வளவும் அடுக்கலாம். ஆனால் அந்தப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு சேதி கட்டாயம் வேண்டும். இது யாருடைய யோசனை என்று உன்னைப் பற்றியும் சொன்னேன்.

பையன்கள் வெடித்த பந்துக்கு எழுதினார்கள். "விளையாட்டுக் கடையைப் பிறப்பிடமாகவும், அதிபரின் கூரையை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பந்து அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற பழைய பந்தின் பாசமிகு தம்பியும், யன்னல் கண்ணாடிகளின் எமனும் ஆவார்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சொல்லாத வேலையையும் செய்துவிட்டார்கள். அதற்குக் கறுப்புக் கரை போட்டுப் பாடசாலை வாசலில் ஒட்டி, தென்னோலைத் தோரணமும் கட்டினார்கள். அதுவும் ஓலையில் மடித்த குருவிகளின் தலை கீழே பார்க்க, செத்தவீட்டு முறைப்படி! மருதனார்மடம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன நீர்வேலிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, நேரே போய் அதிபரின் கைகளைப் பிடித்திருக்கிறார். "ஐயா, ஆர் மோசம் போனது?"

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "ரீச்சர், உது என்ன கூத்து? பள்ளிக்கூடத்தைச் செத்தவீடாக்கிப் போட்டியள்!"

பாடவேளை போயிற்று என்றே நினைத்தேன். கொப்பிகளை அவர் முன் வைத்தேன். ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "கூரையிலை இன்னும் ரெண்டு பந்து கிடக்கு. அதுகளுக்கு ஆர் எழுதுறது?" என்றார். தப்பிவிட்டோம், மச்சாள்!

ஆனால் தர்சிகா மட்டும் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. நேற்று அவளே என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், எங்கடை வீட்டிலை ஒண்டும் உடையேல்லை. உங்கடை மச்சாளுக்கு எழுதட்டே?"

"ஓம், எழுது."

"அப்ப, அவ எப்பிடிச் சிரிப்பா எண்டு சொல்லுங்கோ."

உன் உண்மையான அறிவித்தலிலும் மருமக்கள் எல்லோரும் இருந்தார்கள், வசந்தி. நீ இருக்கவில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அவள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னேன். பிறகு எழுதிக் காட்டினாள்: "அன்னார் சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தோள் நோகும்."

சிரிக்கும்போதெல்லாம் என் தோளில் எத்தனை அடி அடித்திருப்பாய்! உன் ஆண்டுத் திவசத்தன்று, எல்லோரும் கேட்க, உன் படத்துக்கு முன்னால் அவளையே அதை வாசிக்க வைப்பேன். இது சத்தியம்.

இப்போது தோள் நோவதே இல்லாத,
உன் மச்சாள் கமலா