இரண்டாவது தண்ணீர் பாட்டில்

பாப்பா,

நான் டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பு மேல் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வண்டியை எடு.

நேற்று நீ தூரப் பயணத்துக்காகப் பைக்கில் கட்டிய பையின் இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில் வைத்தாய். "தனியாப் போற ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு? வீண் பாரம்" என்று ஒன்றை எடுத்துவிட்டேன். "வழியில யாராவது வண்டி நின்னு தவிச்சா குடுக்கத்தான்ப்பா" என்றாய். அப்புறம் என்னோடு பேசவே இல்லை.

காலையில் பார்த்தால் பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டிலைத் திரும்பச் செருகினேன், நிமிர்ந்துவிட்டது. நீ போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இன்று பஸ் டிப்போவில் எல்லாரிடமும் உன் பேச்சுதான். முடிச்சைப் பற்றியும் சொல்வேன், பாட்டிலைப் பற்றியும் சொல்வேன். கடவுள் துணை.

அப்பா

பி.கு.: பையின் ஜிப் அறையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வைத்திருக்கிறேன். ஒன்றுதான் உனக்கு.