இரண்டு பங்கு மிளகு

போன வாரம் ஒரு காலையில் துவரம்பருப்பு அடிப்பிடித்துத் தீய்ந்தது. நான் அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த நம் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"இன்னாப்பா, பக்கத்துலயே நின்னுகினு இருக்க. தீயற நாத்தம் தெரியல உனக்கு?"

தெரியவில்லை. அதைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு உன்னோடு சண்டை போட எனக்கு வேறு வழியும் இல்லை.

அவளுக்கு இது ஏழாம் மாதம். செவ்வாப்பேட்டையில் அவள் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்துவரக் கிளம்பினேன். சம்பந்தியம்மாள் எல்லோர் முன்னாலும் குறுக்கே வந்தாள். "அம்மா இல்லாத ஊட்ல யாருண்ணா பாத்துக்குவா?"

"அவளோட அப்பன் இருக்கேன்" என்றேன்.

"நீ இருக்கறது இருக்கட்டும்ணா. சோறு யாரு ஆக்குவா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று என்னால் இன்றும் சொல்ல முடியும். கடைசியில் ஒரு வாரம் பார்ப்போம் என்று முடிவாயிற்று. புள்ள சரியா சாப்பிடலைன்னா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டினு பூடுவேன் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினாள்.

எனக்குச் சமைக்கத் தெரியாததற்கு நீதான் காரணம். நான் வேதியியல் முதுகலை படித்தவன். அளந்து ஊற்றவும் சூடு பார்க்கவும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சமையலறை வாசலில் என் நிழல் விழுந்தாலே, "நீங்க வெந்நி போட்டாலே எனக்கு வேல ரெண்டாவுது, போய் பேப்பர் படிங்க" என்று விரட்டுவாய். அப்படி நிறைய பேப்பர் படித்தேன். ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னபடியே சமைத்தேன். முதல் நாள் ரசம், மறுநாள் பூண்டுக் குழம்பு, அதற்கடுத்து பருப்புத் துவையல். நம் மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "சப்புன்னு கீதுப்பா." எனக்கும் அப்படித்தான் இருந்தது. மிளகு விற்ற கடைக்காரனைத் திட்டினேன். அந்த வீடியோக்காரியைத் திட்டினேன். வெளிச் சாப்பாடு எனக்கு என்றைக்கு ருசித்தது? கம்பெனி கேன்டீன், கல்யாணப் பந்தி, ஆரம்பாக்கத்தில் உன் அம்மா வீடு, எல்லாமே வெறும் வாயை மென்றது போலத்தான். "உன் கைப் பக்குவம் யாருக்கும் வராது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பருப்பு தீய்ந்த அன்று அவள் முகம் கழுவிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"ரசத்துக்கு மிளகு எவ்ளோ போடற?"

"அரை ஸ்பூன். அப்படித்தான் சொன்னாங்க."

"அது ஊர் கணக்குப்பா. அம்மா ரெண்டு பங்கு போடும். மிளகு, பூண்டு, பெருங்காயம், எல்லாமே ரெண்டு பங்கு."

"எதுக்கு?"

"உனக்குதான் மூக்கு போயிடுச்சே. கம்பெனி கெமிக்கல்ல. ஒரு நாள் பால் பொங்கித் தீஞ்சி ஊடே பொகையாப் போச்சாம், நீ பாட்டுக்கு உக்காந்துகினு இருந்தியாம். அப்பவே அம்மா கண்டுபுடிச்சிச்சு. அப்பாகிட்ட சொல்லாத, பேஜாராயிடுவாருன்னு என்கிட்ட சொல்லி வெச்சிச்சு."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். சிப்காட்டில் கரைப்பான் பிரிவின் சோதனைக்கூடத்திலேயே என் வாலிபம் போயிற்று. சட்டையில் ஒட்டியிருந்த தின்னர் வாடை என் மூக்குக்கு எட்டவில்லை என்பது எனக்கே தெரியும். பழக்கம் என்று நினைத்தேன். வீட்டுச் சாப்பாடு மணந்ததால் மூக்கு சரியாக இருக்கிறது என்று நம்பினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரிடம் போயிருப்பேன், வேறு பிரிவு கேட்டிருப்பேன். வாடை மாறிப்போன ஒரு சரக்குக்கு நான் சரி என்று கையெழுத்துப் போட்டதும், கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கியதும், எனக்குக் கீழே சேர்ந்தவன் எனக்கு மேலே போனதும் உனக்குத் தெரியும். அன்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது நீ என்ன செய்தாய்? ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாய். வாயைத் திறக்கவில்லை.

அவள் கதை இன்னொன்று. புகுந்த வீட்டில் முதல் முறை ரசம் வைத்தபோது, "இன்னா மருந்து காய்ச்சி வெச்சிருக்க" என்றாளாம் மாமியார். அதற்குப் பிறகு அவர்கள் பக்குவத்திலேயே சமைத்து, அவர்கள் பக்குவத்திலேயே தின்றிருக்கிறாள். "ஒரு நாளும் எனக்கு அங்க சோறு நெறைவா எறங்கினது இல்லப்பா" என்றாள். என் மூக்குக்காக நீ நம் மகளின் நாக்கையும் மாற்றிவைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அன்று அவள் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள், நான் செய்தேன். புளியைத் திட்டமாகக் கரைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து, மிளகும் சீரகமும் பூண்டும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டேன். "கொதிக்க விடாத. இரு, பச்ச வாசன போவல. இன்னும் இரு. ஆங், நுரை கட்டுது பாரு, எறக்கு." என்னால் பார்க்க முடிந்தது நுரை மட்டும்தான். மற்றதை அவள் முகர்ந்து சொன்னாள். ரசமும் அப்பளமுமாக மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். வாரத்தின் மிச்ச நாட்களும் அப்படியே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் மாப்பிள்ளையோடு வந்தாள். வந்ததும் மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சாப்பிட உட்கார வைத்து ரசம் ஊற்றினேன். முதல் வாய்க்கே இருமினாள்.

"இன்னாண்ணா இது, மூக்குல ஏறுது. புள்ளத்தாச்சிக்கு இதையா ஊத்தற?"

நம் மகள் கையைக் குழித்து நீட்டினாள். ஊற்றினேன். குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"அத்த, எனக்கு இதுதான் எறங்குது. பிரசவம் ஆவற வரைக்கும் நான் இங்கியே இருக்கறேன். பத்தியம் ஆக்கறப்ப நீங்க வந்து சொல்லிக் குடுங்க, அப்பா ஆக்குவாரு."

அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் அப்பளத்தைப் பார்த்தான். "உன் இஷ்டம் கண்ணு" என்றாள் கடைசியில். "ஊட்ல மோர் இருந்தா குடு. நாக்கு எரியுது."

மகள் மோர் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் ரசஞ்சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, உப்பு போட்டுச் சாப்பிட்டாள். பரிமாறிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ தினமும் அப்படித்தான் சாப்பிட்டாய். எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, மோரும் சோறும். "எனக்கு இது போதும்" என்பாய். உனக்கு மோர் என்றால் உயிர் என்று நானே சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மூக்கு நன்றாகத்தானே இருந்தது. நீ சமைத்ததை உன்னால் சாப்பிட முடியவில்லை. அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவர்கள் போன பிறகு நம் மகள் ராத்திரிக்கு என்ன என்று கேட்டாள். ரசம் என்றேன். ரசம் வைத்தேன், எல்லாம் இரண்டு பங்கு. அவள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். என் தட்டில் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டேன். எனக்கு அது ருசி ஒன்றுமே இல்லாமல் இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.